என் கணவரைத் தொடாமல் நின்ற நேரம்

என் கணவர் ஒரு பலகைத் தட்டின் மேல் மல்லாந்து கிடந்தார். அவருடைய வலது கால் இரும்புச் சட்டத்துக்கு அடியில் அகப்பட்டிருந்தது. சுற்றிவர மழைத் தண்ணீர். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவருடைய முகத்தில் இருந்த வியர்வைகூடத் தெரிகிற தூரம். ஆனால் ஓடிப்போய் அவரைத் தொடக்கூடாது. தொட்டால் இரண்டு பேரும் சாவோம்.

சகோதரங்களே, அந்த மனிசனுக்கு ஒரு தலையிடி என்றாலே கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, நெற்றியைத் தடவிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருக்கிறவள் நான். அன்றைக்கு அவர் உயிருக்குப் போராடுகிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரத்தை நான் எப்படித் தாண்டினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு மேடைப் பேச்சுப் பேச வராது. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் றீற்றா. நெடுந்தீவுதான் பிறந்து வளர்ந்த இடம். கணவர் அருளப்பு. எங்கள் தீவில் சோலர் தகடுகள் பூட்டி மின்சாரம் எடுக்கிற வேலை தொடங்கியபோது மாடு பார்க்கிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களுமாகப் பலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். இவர் தகடுகளைத் தாங்குகிற இரும்புச் சட்டம் பூட்டுகிற வேலைக்குப் போனார். நான் அங்கேயே கொட்டிலில் சமையலுக்குப் போனேன்.

வேலைத்தளத்தில் பாதுகாப்புப் பார்க்கிறதுக்கென்று ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் கீர்த்தனா. யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம். படித்து முடித்துக் கொஞ்சக் காலம்தான் இருக்கும். ஆள் மெலிவு, குரல் மட்டும் கோயில் மணி. காலையில் ஒருவரும் வேலையில் கை வைக்க முன்னம் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு பேச்சுப் பேசுவாள். சமைக்கிற நானும் தலையில் ஹெல்மெட், காலில் றப்பர் சப்பாத்தோடு போய் நிற்க வேண்டும்.

"பிள்ளை, நான் சோறு காய்ச்சிறன். சோறு என்ரை தலையில விழுமோ?" என்று கேட்டேன்.

"விழாது அக்கா. ஆனா நீங்கள் சோத்துச் சட்டியோட இந்த வரிசைக்குள்ளாலதானே நடந்து போறியள்?" என்றாள்.

அந்தப் பேச்சில் அவள் அடிக்கடி சொன்ன ஒரு விசயம் எங்கள் ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. அது ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எங்கள் தீவில் கறண்ட் என்றால் மெசின். டீசலில் ஓடுகிற பெரிய மெசின் ஓடினால் வீட்டில் லைற் எரியும், அது நின்றால் லைற் நிற்கும். கலியாண வீடோ, கோயில் திருவிழாவோ, வாடகைக்கு எடுத்த சின்ன மெசினும் அப்படித்தான். சத்தம் கேட்டால் வயரில் கை வைக்காதே, சத்தம் நின்றால் பயமில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத காலத்திலேயே எங்களுக்கு இது தெரியும். இந்தப் பிள்ளையோ, "சோலர் தகட்டை நிப்பாட்ட ஏலாது. வெளிச்சம் படும்வரைக்கும் அதுக்குள்ள கறண்ட் இருக்கும். சத்தமே வராது" என்றாள். எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். தலை ஆடியது, அவ்வளவுதான்.

போன நவம்பர் மாதம் மூன்று நாள் விடாமல் மழையும் காற்றும். ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. என் தம்பி பெனடிற் கடற்றொழில். மூன்று நாளாக வீட்டில் மீன் இல்லை, பருப்பும் சம்பலும்தான். "ஆண்டவரே, இந்தக் காற்றை எங்கேயாவது கொண்டுபோய் விடும்" என்று நான் அலுத்துக்கொண்டுதான் இருந்தேன். நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. விடியவே வானம் துடைத்துவிட்டது போல வெளித்தது, நல்ல வெயில். ஆனால் காற்று முழுதாக நிற்கவில்லை. கடல் இன்னும் கொந்தளித்துக்கொண்டுதான் இருந்தது. செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள் என்பதால் நான் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னம். நான் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம். நூறு தகரக் கதவுகள் ஒரே நேரத்தில் விழுந்தது போல. அதற்குப் பிறகு யாரோ கத்தினார்கள்: "அருளப்பண்ணை! அருளப்பண்ணை!"

குழம்புச் சட்டி என் கையில் இருந்து எங்கே போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். மழையில் ஒரு வரிசைச் சட்டம் அசைந்திருந்தது. அது சாய்ந்தால் மேலே பூட்டிய தகடுகள் உடைந்துவிடும் என்று இவர் முட்டுக் கொடுக்கப் போயிருக்கிறார். கீழே தண்ணீர் நின்றதால், தகடுகள் வந்து இறங்கிய பலகைத் தட்டு ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் நின்றிருக்கிறார். ஒரு காற்று வீச, சட்டம் தகடுகளோடு சரிந்துவிட்டது. இவர் தட்டின்மேலேயே விழ, கால் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. வயர்கள் அறுந்து ஒரு நுனி இரும்பிலும் மற்ற நுனி தண்ணீரிலும் கிடந்தன. இரும்பில் பட்ட நுனியில் நீல நிறமாக நெருப்பு. ஈர விறகு அடுப்பில் சீறுகிற மாதிரி ஒரு சத்தம்.

"மெசினை நிப்பாட்டுங்கோ! மெசினை நிப்பாட்டுங்கோ!" என்று எல்லாரும் கத்தினார்கள். கல்லுத் துளைக்கிறதுக்காக ஒரு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிற்பாட்டினார்கள். சத்தம் அடங்கியது. அவ்வளவுதான், எல்லாரும் ஓடினோம். பிறந்ததில் இருந்து பழகிய பழக்கம், சத்தம் நின்றால் பயமில்லை. எனக்கு முன்னால் ஓடியவன் சின்னராசா. இவரோடு ஒன்றாக வேலை செய்கிற பொடியன், முப்பது வயதிருக்கும். அவன் சட்டத்தைத் தூக்க இரும்பில் கையை வைத்தான்.

அடுத்த கணம் அவன் பின்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டு என் காலடியில் வந்து விழுந்தான்.

"ஒருத்தரும் கிட்டப் போகாதையுங்கோ! தொடாதையுங்கோ!" கீர்த்தனா ஓடி வந்துகொண்டே கத்தினாள். "மெசின் இல்லை, வெயில்! வெயில்தான் கறண்ட்!"

சின்னராசா எழும்பி உட்கார்ந்தான். உள்ளங்கை கருகியிருந்தது. தண்ணீருக்கு வெளியே, காய்ந்த கல்லில் நின்றுகொண்டு கை வைத்ததால் உயிர் தப்பினான் என்று பிறகு சொன்னார்கள். இன்னும் ஒரு அடி உள்ளே போயிருந்தால் அவன் இல்லை. அவனுக்குப் பின்னால் நான். நானும் இல்லை.

கீர்த்தனா முழங்காலில் நின்றபடி இவரைப் பார்த்துப் பேசினாள். "அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நீங்கள் பலகையில கிடக்கிறியள், கால் றப்பர் சப்பாத்துக்குள்ள இருக்கு. அதாலதான் உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ரண்டு கையையும் நெஞ்சில வைச்சிருங்கோ. தண்ணியில விடாதையுங்கோ, இரும்பில முட்டாதையுங்கோ. எவ்வளவு நொந்தாலும் அசையாதையுங்கோ."

இவர் கைகளை நெஞ்சில் வைத்தார். சவப்பெட்டிக்குள் கிடத்தின மாதிரி. என்னைக் கண்டுவிட்டு, "இஞ்சேரும், குழம்பை அடுப்பிலயே விட்டிட்டு வந்தனீர்?" என்று கேட்டார். நான் பயப்படக்கூடாது என்று கேட்கிறார். எனக்கு அழுகைக்கு முன்னம் கோபம்தான் வந்தது. "குழம்பைப் பற்றி இப்ப என்ன கதை! அசையாமல் கிடவுங்கோ!" என்று ஏசினேன்.

வயரைக் கழற்ற முடியாதா என்று ஆட்கள் கேட்டார்கள். "இப்ப கழட்டினால் கழட்டுற இடத்தில நெருப்பு எழும்பும். இந்த வரிசையில இருக்கிற அவ்வளவு தகட்டையும் மூடவேணும். வெயில் படாமல் இருட்டாக்கினால்தான் கறண்ட் நிக்கும்" என்றாள் கீர்த்தனா. கொட்டிலில் மழைக்கு விரிக்கிற நீலப் படங்குகளைக் கொண்டு வந்து போட்டார்கள். மெல்லிய பிளாஸ்ரிக். வெளிச்சம் உள்ளே போகிறது. காற்று வேறு ஒன்றைக் கிழித்துக்கொண்டு போனது. அந்த நீல நெருப்பு அப்படியே சீறிக்கொண்டிருந்தது.

நான் அந்தக் கல்லுத் தரையில் முழங்காலில் விழுந்தேன். செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது சண்டைதான். "ஆண்டவரே, மூன்று நாள் மழை தந்தீரே! கேட்காமலே தந்தீரே! இன்றைக்கு ஏன் இந்த வெயில்? அந்தோனியாரே, ஒரு முகில் போதும். ஒரேயொரு முகில் கேட்டுத் தாரும்!"

நீங்கள் நம்பினால் நம்புங்கள், முகில் வந்தது. கடல் பக்கமாக இருந்து ஒரு பெரிய முகில் வந்து சூரியனை மூடியது. தளம் முழுக்க நிழல். நீல நெருப்பு சுருங்கியது, சீறல் குறைந்தது. என் செபம் கேட்கப்பட்டுவிட்டது! நான் எழும்பி, "அந்தோனியாரே!" என்று கத்திக்கொண்டு இவரிடம் ஓடினேன்.

கீர்த்தனா என்மேல் பாய்ந்தாள். உண்மையாகவே பாய்ந்தாள். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். நான் அவளை அடித்தேன், கையைக் கடித்தேன். அவள் விடவில்லை.

"முகில் காணாது அக்கா! போதாது! கொஞ்ச வெளிச்சம் இருந்தாலும் ஆளைக் கொல்லப் போதும்!"

முகில் நகர்ந்து போய்விட்டது. நெருப்பு பழையபடி பொங்கியது. நான் ஓடியிருந்தால் அந்த நிழலுக்குள்ளேயே என் கதை முடிந்திருக்கும்.

சகோதரங்களே, எனக்கு உலகம் இருண்டது அப்போதுதான். கேட்டது கிடைத்தது, கிடைத்ததும் உதவவில்லை. இனி என்னத்தைக் கேட்பது? ஆண்டவர் என்னோடு விளையாடுகிறாரா என்றுகூட நினைத்தேன். மறைக்கவில்லை, நினைத்தேன். இவருடைய முகம் வெளிறிக்கொண்டு போனது. நெஞ்சில் இருந்த கைகள் நடுங்கத் தொடங்கின. மயங்கிவிட்டால் கை சரிந்து தண்ணீரில் விழும். அது எல்லாருக்கும் தெரிந்தது.

"எனக்கு வேண்டியது தடிப்பான படங்கு" என்றாள் கீர்த்தனா. அழுகிற குரல். "வெளிச்சம் துளிகூடப் போகாத படங்கு. இந்த வரிசை முழுக்க மூடக் காணவேணும். இந்தத் தீவில நான் எங்க போய் எடுக்கிறது?"

அப்போதுதான் எனக்குள் ஒரு கதவு திறந்தது. கரை. படகுகள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தடித்த படங்கு இருக்கும், இயந்திரத்தையும் வலையையும் மூடுகிற படங்கு. மற்ற நாள் என்றால் அந்த நேரம் கரையில் யார் இருப்பார்? மூன்று நாளாகக் கடல் விடாதபடியால் எல்லாப் படகும் கரையிலே கிடந்தது. எல்லா ஆணும் கரையிலே இருந்தார்கள்.

நான் இவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த நிலையில் அவரை விட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டும். திரும்பி வரும்போது அவர் இருப்பாரோ தெரியாது. சகோதரங்களே, தொடாமல் நின்றதைவிட அது கடினம். "ஆண்டவரே, நான் வரும்வரைக்கும் அவருடைய கை கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் கேட்டேன். முகில் கேட்கவில்லை, வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஓடினேன்.

ஐம்பது வயதை எட்டிப்பிடிக்கிற பொம்பிளை, றப்பர் சப்பாத்தோடு கல்லிலும் முள்ளிலும் ஓடினேன். நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. வலைக் கொட்டிலுக்குள் பெனடிற்றும் கூட்டாளிகளும் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டு, யார் களவாக ஆடியது என்று பெரிய சண்டை. நான் போய் வாசலில் விழுந்தேன்.

"தம்பி, படங்கு! எல்லாப் படங்கும்! அத்தான் கறண்டுக்குள்ள கிடக்கிறார்!"

படங்கு எதற்கென்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. கடதாசி காற்றில் பறந்தது. படகுகளில் இருந்து படங்குகளை அவிழ்த்து, கரையில் நின்ற உழவு இயந்திரத்தின் பெட்டியில் எறிந்து, அவர்களும் ஏறி, என்னையும் தூக்கிப் போட்டார்கள். போகிற வழியெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். போய்ச் சேர்ந்ததும் திறக்கப் பயம்.

"இருக்கிறார் அக்கா. அத்தான் கண் முழிச்சிருக்கிறார்" என்றான் பெனடிற்.

கீர்த்தனா சொல்லச் சொல்ல அவர்கள் செய்தார்கள். உடைந்து சரிந்த பக்கத்துக்கு ஒருவரையும் விடவில்லை. தூரத்து முனையில் இருந்து தொடங்கி, காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, கயிற்றாலும் மரத் தடியாலும் படங்கை மேலே இழுத்தார்கள். காற்று இழுக்கிறது, இவர்கள் இழுக்கிறார்கள். கடலில் காற்றோடு மல்லுக்கட்டிப் பழகின கைகள். பக்கத்து மதில் கல்லை எடுத்து ஓரங்களுக்குப் பாரம் வைத்தார்கள். ஒரு தகடு மூடப்பட்டது, இன்னொன்று, இன்னொன்று. கடைசியாக, சரிந்து கிடந்த தகடுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் கயிறு பிடித்து, இவரையும் சேர்த்து மூடினார்கள். இவர் என் கண்ணுக்கு மறைந்துபோனார்.

சீறல் நின்றது.

நான் அசையவில்லை. மெசின் நின்றபோது ஓடினேன், முகில் வந்தபோது ஓடினேன். இந்த முறை அந்தப் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கறண்ட் பார்க்கிற மீற்றரை ஒரு இடத்தில் வைத்தாள். இன்னொரு இடத்தில் வைத்தாள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் வைத்தாள். பிறகு ஒரு வயரைக் கழற்றினாள். அடுத்ததைக் கழற்றினாள். இன்னும் ஒருமுறை மீற்றர். எத்தனை யுகம் என்று நினைக்கிறீர்கள்!

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "இப்ப தொடலாம் அக்கா" என்றாள்.

ஆண்கள் சட்டத்தைத் தூக்க, நான் படங்குக்குள் ஊர்ந்து போய் அவருடைய கையைப் பிடித்தேன். பனிக்கட்டி மாதிரிக் குளிர். உயிருள்ள கை. இரண்டு பேரும் அழுதோம்.

கொந்தளிக்கிற கடலில் குறிகாட்டுவான் துறைக்குப் படகு விட்டவனும் பெனடிற்தான். அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது கொஞ்சம் காலை இழுத்துத் தாண்டித் தாண்டி நடக்கிறார், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. நான் கரைக்கு ஓடின நேரம் முழுக்க அந்த நடுங்கின கை எப்படிக் கீழே விழாமல் இருந்தது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து இவர்தான் சொன்னார். "சின்னராசா" என்றார்.

நான் ஓடிப்போன பிறகு சின்னராசா இவருக்கு நேரே, காய்ந்த கல்லில் வந்து குந்தியிருக்கிறான். கருகின கையையும் மற்றக் கையையும் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அண்ணை, என்னைப் பாருங்கோ. நான் கையை இறக்கினால் நீங்களும் இறக்குங்கோ. நான் இறக்கமாட்டன்" என்று சொல்லியிருக்கிறான். இவருக்குக் கண் சொருகும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கத்தியிருக்கிறான். கொட்டிலுக்குப் போய் வெந்த கையை நல்ல தண்ணீரில் வைக்கச் சொல்லி மற்றவர்கள் கெஞ்சியும் எழும்பவில்லை. அவன் சைவப் பொடியன். நான் ஆண்டவரிடம் என்ன கேட்டேன் என்று அவனுக்குத் தெரியாது. நான் கேட்டதை ஒரு சொல்லும் மாறாமல் செய்துகொண்டிருந்தவன் அவன். அதைக் கேட்டபோது ஆஸ்பத்திரி என்றும் பாராமல் நான் வாய்விட்டு அழுதேன்.

சட்டத்தைச் சாய்த்த அதே காற்றுத்தான் படகுகளைக் கரையில் பிடித்து வைத்திருந்தது. அதை எங்கேயாவது கொண்டுபோய் விடும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவர் அதை மட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். அதற்காக அவருக்கு ஆயிரம் தோத்திரம்.

அன்றைக்குப் பிறகு தளத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் தடித்த படங்கு மடித்து வைத்திருக்கிறார்கள். காலைப் பேச்சில் இப்போது ஒருவரும் சும்மா தலையாட்டுவதில்லை, கேள்வி கேட்கிறார்கள். நானும் மாறிவிட்டேன். முன்னம் செபிக்கும்போது ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுப்பேன், இதைத் தாரும், இப்படித் தாரும் என்று. இப்போது என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் யாருடைய வாயால் பதில் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அப்படி நம்பிக் கேளுங்கள். நிற்கச் சொன்னால் நில்லுங்கள். ஓடச் சொன்னால், அழுதுகொண்டாவது ஓடுங்கள்.

எனக்கு உங்களிடம் ஒரு மன்றாட்டு இருக்கிறது. எங்களுக்காக அல்ல, நாங்கள் நன்றாக இருக்கிறோம். கீர்த்தனா இப்போது வேறொரு தீவில், இதே வேலைக்குப் போயிருக்கிறாள். நான் கடித்த தழும்பு அவளுடைய கையில் இன்னும் இருக்கிறது. அங்கேயும் ஒருநாள், புருசன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஒருத்தி ஓடி வரக்கூடும். அவளைப் பிடித்து நிறுத்துகிற பலத்தை ஆண்டவர் இந்தப் பிள்ளையின் கைக்குக் கொடுக்க வேண்டும் என்று, இன்றைக்கு உங்கள் செபத்தில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.